ராயபுரத்து மணல் எங்கே போனது? கடல் அரிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

மழைக்காலத்தில் எண்ணூர் நெடுஞ்சாலை வரை அலை ஏறி அடிக்கும்போதெல்லாம் வடசென்னையில் ஒரே பேச்சுதான்: "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு." ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சுனாமிக்கு அப்புறம் கடலின் குணமே மாறிப்போச்சு என்பார்கள் பெரியவர்கள். கல்லூரிப் பிள்ளைகள் புவி வெப்பமயமாதல் என்பார்கள். அரசாங்கம் போதுமான அளவு கல் கொட்டாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

இவை எதுவும் முழுப்பொய் இல்லை. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைத் தின்ற முதல் காரணம் வேறு. தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணல் நூறு வருடங்களுக்கு முன்பே தடைபட்டுவிட்டது. கடல் பெருகி மேலே ஏறியதைவிட, கரை மெலிந்து பின்னால் போனதுதான் இங்கே அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் பேசும்போது தப்பான மருந்தைக் கேட்கிறோம், தப்பான மருந்தே கிடைக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விலாவாரியாக எழுத வேண்டும் என்று தோன்றியது. கடலியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே கடல், இரண்டு கரைகள்

முதலில் ஒரு கேள்வி. மெரினாவும் காசிமேடும் ஒரே வங்கக்கடலின் கரையில்தான் இருக்கின்றன. நடுவில் சில கிலோமீட்டர் தூரம்தான். கடல் தானாகப் பெருகி ஊருக்குள் வருகிறது என்றால் இரண்டு இடத்திலும் கரை சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் மெரினாவில் சாலையில் இறங்கி அலையில் கால் நனைக்க சுமார் 300 மீட்டர் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது. காசிமேட்டுக்கு வடக்கே போனால் சாலை, அதை ஒட்டிக் கருங்கல், அதை ஒட்டித் தண்ணீர்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மெரினாவின் அந்த அகலம் ஆதியிலிருந்து இருந்ததல்ல. பழைய மதராஸில் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. இன்று நாம் பார்க்கும் மணல்வெளி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சேர்ந்தது. தெற்கே மணல் சேர்ந்த அதே காலத்தில்தான் வடக்கே ராயபுரம் பக்கம் கரை பின்வாங்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சென்னைத் துறைமுகம். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கரைக்கும் வரவு செலவு உண்டு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் சம்பளம் வருகிறது, மாதாமாதம் செலவாகிறது. இரண்டும் ஏறக்குறைய சமம். வீட்டில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் சம்பளம் நின்றுபோகிறது. அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் எதுவும் நிற்கவில்லை. என்ன ஆகும்? முதலில் சேமிப்பு கரையும். அப்புறம் நகை போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டில் யாரோ வந்து திருடியது போலத் தெரியலாம். உள்ளே நடந்தது வரவு நின்றது மட்டும்தான்.

மணற்கரையின் கணக்கும் இதே கணக்குதான். நம் கரையில் கிடக்கும் மணல் அங்கேயே பிறந்து அங்கேயே கிடப்பதில்லை. தெற்கிலிருந்து வருகிறது, கொஞ்ச காலம் தங்குகிறது, வடக்கே போகிறது. ஒரு வருடத்தில் வந்ததும் போனதும் சமமாக இருந்தால் கரை அதே இடத்தில் நிற்கும். வரவு கூடினால் கரை வளரும். வரவு குறைந்து செலவு அப்படியே தொடர்ந்தால் கரை தன் கையிருப்பையே கொடுக்கத் தொடங்கும். அந்தக் கையிருப்புதான் நம் கடற்கரை. கடலியலாளர்கள் இதை மணல் வரவுசெலவு என்றே சொல்கிறார்கள். கடல் அரிப்பு என்பது இந்தக் கணக்கில் விழும் பற்றாக்குறை.

அப்படியானால் கேட்க வேண்டியவை இரண்டு. மணலை யார் நகர்த்துகிறார்கள்? வரவை யார் நிறுத்தினார்கள்?

அலை மணலை எப்படி நடத்திக்கொண்டு போகிறது

நடுக்கடலில் அலை போகும்போது தண்ணீர் அதோடு சேர்ந்து ஓடுவதில்லை. அங்கேயே மேலும் கீழுமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. நகர்வது ஆற்றல்தான். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, அலையின் அடிப்பகுதி தரையில் உரசுகிறது, வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது நிற்க முடியாமல் உடைந்து விழுகிறது. அந்த இடத்திலிருந்து கரை வரை உள்ள பகுதியை அலை உடையும் பட்டை என்று வைத்துக்கொள்வோம். கரையோரமாக நகரும் மணலில் பெரும்பங்கு நகர்வது இந்தக் குறுகிய பட்டைக்குள்தான்.

இனி முக்கியமான இடம். நம் கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக, கிழக்கைப் பார்த்து இருக்கிறது. அலைகள் நேர் கிழக்கிலிருந்து வந்தால் கரையில் நேராக ஏறி நேராக இறங்கும், மணலும் பக்கவாட்டில் எங்கும் போகாது. ஆனால் பெரும்பாலான நாட்களில் அலை சாய்வாக வருகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அலை உடைந்ததும் தண்ணீர் கரையில் வடமேற்காகச் சாய்ந்து ஏறுகிறது. திரும்பி இறங்கும்போது கரையின் சரிவைப் பிடித்து நேராகக் கிழக்கே இறங்குகிறது. ஏறுவது சாய்வாக, இறங்குவது நேராக. அதனால் அலை தூக்கிய ஒவ்வொரு மணல் துகளும் புறப்பட்ட இடத்திலிருந்து சற்று வடக்கே வந்து நிற்கிறது. அடுத்த அலை அதை இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறது. ராத்திரி பகல் பார்க்காமல் இது நடக்கிறது.

அதோடு, சாய்வாக உடையும் அலைகள் அந்தப் பட்டைக்குள் தண்ணீரையும் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. இதற்குக் கரையோர நீரோட்டம் என்று பெயர். அலையில் கலங்கி எழும் மணலை இது சுமந்து செல்கிறது. ஏறி இறங்கி நகரும் மணல், நீரோட்டம் சுமக்கும் மணல் இரண்டையும் சேர்த்துக் கரையோர மணல் ஓட்டம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரு சொல் இதுதான்.

நேரில் பார்க்க வேண்டுமானால் மணல் இருக்கும் ஒரு கரையில் தேங்காய் மட்டை ஒன்றை அலை உடையும் இடத்தில் எறிந்துவிட்டு நில்லுங்கள். உள்ளே போய் வெளியே வந்து அலைக்கழிந்தாலும், கொஞ்ச நேரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைவிட்டு ஒரு பக்கமாக அது விலகிப் போயிருக்கும். மணலும் அந்தப் பக்கம்தான் போகிறது. கல் அடுக்கிய கரையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். பாசி வழுக்கும், கற்களுக்கு நடுவே கால் சிக்கும்.

வருடத்துக்கு இரண்டு திசை

மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் மணலை வடக்கே தள்ளுகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வாடை வீசும் காலத்தில், அலை வடகிழக்கிலிருந்து வருவதால் மணல் தெற்கே திரும்புகிறது. வடக்கே போகும் காலம் நீளம், அளவும் அதிகம். ஆகவே வருடக் கணக்கில் கழித்துப் பார்த்தால் நம் கரையில் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. சும்மா ஓரிரு லாரி இல்லை, ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பர் என்று வைத்தால், ஒரு லட்சம் கன மீட்டருக்கே பத்தாயிரம் நடை வேண்டும்.

இதற்குள் இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. மழைக்காலத்துப் பெரிய அலைகள் கரை மணலைப் பெயர்த்துக் கொஞ்ச தூரம் கடலுக்குள் கொண்டுபோய் மேடாகக் குவிக்கும். கோடையின் சாதுவான அலைகள் அதையே மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். புயலுக்கு மறுநாள் கரை வெட்டி எடுத்தாற்போல நிற்பதும், சில மாதத்தில் பழையபடி ஆவதும் இப்படித்தான். இது நோய் இல்லை, கரையின் இயல்பு. மணல் கரையோரமாகக் கடந்துபோய், ஈடுகட்ட புதிதாக எதுவும் வராமல் இருப்பதுதான் நோய். இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இதுவரை பார்த்தது: சாய்வாக வரும் அலை மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. நம் பக்கம் அதன் நிகர திசை வடக்கு. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை கரை நிற்கும்.

வரவு நின்ற இடம்

மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, மசூலா படகுகள்தான் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861இல் இரும்புக் கால்கள் மேல் நிற்கும் ஒரு நீண்ட பாலம் கடலுக்குள் கட்டப்பட்டது. அது கரைக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை. கால்களுக்கு நடுவே தண்ணீரும் மணலும் போய்க்கொண்டிருந்தன.

1875 இறுதியில் இப்போதைய துறைமுகத்துக்கு அடிக்கல் போடப்பட்டது. இம்முறை கட்டியது கால்களால் ஆன பாலம் இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு கெட்டியான சுவர்கள். அலைதடுப்புச் சுவர் என்று இதற்குப் பெயர்: உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்க, வெளியே அலையை மறித்து நிற்பது. 1881 புயல் கட்டியதில் பெரும்பங்கை உடைத்துப் போட்டது, திரும்பக் கட்டினார்கள். அலையை மறித்த சுவர் அலை நடத்தும் மணலையும் மறித்தது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரின் தெற்குப் பக்கத்தில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்துகொண்டிருந்த கரையோரத்தில்தான் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுவதற்கு ஒரு பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். மணல் சேர்ந்துகொண்டே போய்ச் சுவரைச் சுற்றி வந்து கிழக்கே பார்த்த துறைமுக வாயிலையும் அடைக்கத் தொடங்கியதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிதாகத் திறக்க வேண்டியதாயிற்று. மணலின் வேகம் அப்போதைய பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சரி, சுவருக்கு வடக்கே? அங்கே அலை எப்போதும் போல வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. செலவு நிற்கவில்லை, வரவு நின்றது. ராயபுரமும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களும் கையிருப்பைக் கொடுக்கத் தொடங்கின. ஒரு நூற்றாண்டில் கரை சில நூறு மீட்டர் உள்ளே வந்தது. அதில் வீடுகள் போயின, கோயில்கள் போயின, படகு நிறுத்திய இடங்கள் போயின. மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் உட்காரும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வந்து சேர வேண்டியிருந்த மணல் என்பதை நகரத்தின் மற்ற பகுதிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதன் பிறகும் வடக்கே கட்டுமானங்கள் நிற்கவில்லை. 1984இல் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2013 வாக்கில் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஒவ்வொன்றும் தனக்குத் தெற்கே மணலைச் சேர்த்துக்கொண்டு வடக்கே பசியை அனுப்புகிறது. காசிமேடு துறைமுகம் இல்லாமல் நம் லாஞ்சுகளும் ஃபைபர் போட்டுகளும் ஏது? துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அதன் வடக்குப் பக்கத்துக் கணக்கை யாரும் முடிக்காமல் விட்டார்கள் என்பதுதான் என் குறை.

மணலின் பிறப்பிடத்திலும் கை வைத்தாகிவிட்டது. கரை மணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவருவது. காவிரியிலும் கொசஸ்தலையிலும் அணை கட்டியாயிற்று, பாலாற்றில் மணல் அள்ளியாயிற்று. வரவு பிறக்கும் இடத்திலேயே குறைந்துவிட்டது.

கல் கொட்டினால் என்ன நடக்கிறது

வீட்டு வாசலில் அலை நிற்கும்போது யாராக இருந்தாலும் கல் கேட்கத்தான் செய்வார்கள். அன்றைய ராத்திரிக்கு அது வீட்டைக் காப்பாற்றும். ஆனால் கல் மணலைக் கொண்டுவராது. மணற்கரையில் அலை ஏறி, படர்ந்து, மணலுக்குள் ஊறித் தன் வேகத்தை இழக்கிறது. கற்சுவரில் அடிக்கும் அலை எகிறித் திரும்புகிறது, திரும்பும்போது சுவரின் அடியில் இருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. கீழே குழி விழ, மேலே உள்ள கற்கள் உருண்டு இறங்குகின்றன. சில வருடத்தில் மறுபடி கல் கொட்ட வேண்டும். சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு முன்னைவிட மோசமாகும். அவர்களும் கல் கேட்பார்கள். அலைக்கும் கரைக்கும் நடுவே கல் நீண்டுகொண்டே போவது இப்படித்தான்.

தூண்டில் வளைவு என்று நாம் சொல்வது கொஞ்சம் வேறு. அது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குட்டையான கற்கரம், போகிற மணலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். திருவொற்றியூர் பக்கம் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள கரையைக் கவனித்துப் பாருங்கள். மணல் சமமாகப் பரவியிருக்காது. வடக்குப் பக்கத்து வளைவை ஒட்டி மணல் தடித்துக் கிடக்கும், தெற்குப் பக்கத்து வளைவின் முதுகில் கரை குடைந்து உள்ளே வாங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இதே மணல் மறுபக்கம் ஒதுங்கும். மணல் ஓட்டம் பற்றி மேலே சொன்னது முழுவதும் அந்தச் சின்ன இடத்துக்குள் தெரியும். இன்னும் குனிந்து பார்த்தால் வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் வரிவரியாக மணல் தெரியும். இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுத் துகள்கள் அவை. பலமான அலை லேசான குவார்ட்ஸ் மணலை அள்ளிப் போனபின் தூக்க முடியாமல் விட்டுச் சென்றது. கறுப்பு அடர்த்தியாகத் தெரிந்தால் அங்கே சமீபத்தில் மணல் பறிபோயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தூண்டில் வளைவுக்கும் அதே குறைதான். அது மணலை உண்டாக்குவதில்லை. போகிற மணலில் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்தவர் பங்கு குறைகிறது.

மணலுக்குள் வாழ்பவை

கரை என்றால் வெறும் மணல் என்று நினைப்பதும் ஒரு பெரிய தப்பு. அலை ஏறி இறங்கும் ஈர மணலில், அலை வடியும் கணத்தில் சின்னச் சின்னக் குழிவுகள் தெரிந்து மறையும். அங்கே தோண்டினால் முட்டை வடிவில், சாம்பல் நிறத்தில், பின்பக்கமாகவே மணலுக்குள் புதையும் ஒரு சிறு நண்டினம் கையில் வரும். எமெரிட்டா என்பது அதன் அறிவியல் பெயர். மணலுக்குள் உடலைப் புதைத்து, இறகு போன்ற உணர்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி, வடியும் தண்ணீரில் வரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ஓதம் (தினமும் ஏறி இறங்கும் கடல் நீர்மட்டம்) ஏற ஏற அதுவும் கரையில் மேலே நகரும், இறங்க இறங்கக் கீழே வரும். பெண் நண்டு விரல் நீளம்கூட இருக்காது, ஆணோ அதிலும் மிகச் சிறியது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் நம் கரையிலிருந்தே இதை எடுத்துப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மணலில் மட்டிகள் உண்டு, புழுக்கள் உண்டு, வளை தோண்டும் நண்டுகள் உண்டு. இவற்றைத் தின்னப் பறவைகளும் கரையோர மீன்களும் வரும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிறது. ஓதம் தொடாத உயரத்தில், முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி சுமார் நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போகும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் வெயில் சூட்டில் அவை பொரிய வேண்டும். கருங்கல் அடுக்கிய கரையில் அது எங்கே தோண்டும்?

கல்லிலும் உயிர்கள் வந்து ஒட்டும் என்பது உண்மைதான். கொட்டலசு, சிப்பி, பாசி எல்லாம் வரும், அவற்றைச் சுற்றி மீனும் வரும். ஆனால் அது வேறொரு கூட்டம். மணலில் வாழ்ந்தது கல்லுக்கு மாறாது. மனிதர்களுக்கும் அப்படித்தான். கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடிக்க நீண்ட மணல் வேண்டும். ஃபைபர் போட்டைக் கரையேற்ற மணல் வேண்டும். வலை பிரிக்க, கருவாடு காயவைக்க, பிள்ளைகள் ஓடி விளையாட எல்லாவற்றுக்கும் அதே மணல். அது போனதும் வாசலில் நின்ற படகைத் துறைமுகத்துக்கோ உப்பங்கழிக்கோ கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாகிறது.

முகத்துவாரம் ஏன் தூர்ந்து போகிறது

எண்ணூரில் கதை தலைகீழ். அங்கே குறை மணல் இல்லாதது இல்லை, மணல் தப்பான இடத்தில் சேர்வது. கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழி வழியாகக் கடலில் சேரும் முகத்துவாரம், வடக்கே உள்ள துறைமுகச் சுவருக்குத் தெற்கே இருக்கிறது. சுவர் மறித்த மணல் பின்னோக்கிச் சேர்ந்து முகத்துவாரத்தையும் அடைக்கிறது. ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களில் தண்ணீரே மணலைத் தள்ளி வழியைத் திறந்து வைக்கும். மற்ற மாதங்களில் அந்த வேலையை ஓதம் மட்டுமே செய்ய வேண்டும். சென்னைப் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய அளவில் ஒரு மீட்டர் அளவுதான், அந்தப் பலம் போதுவதில்லை.

முகத்துவாரம் அடைபட்டால் கழிக்கு மூச்சு முட்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் நண்டும் இப்படிப் போய்வருபவைதான். நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் படகுப் பாதை மட்டும் இல்லை. அந்த வாய் திறந்திருந்தால்தான் உள்ளே இறால் இருக்கும்.

சுருக்கமாக: துறைமுகச் சுவருக்கு வடக்கே மணல் பஞ்சம், தெற்கே மணல் தேக்கம். இரண்டும் ஒரே தடையின் இரண்டு பக்கங்கள்.

கடல்மட்டம் உயர்வது பொய்யா?

இல்லவே இல்லை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிக்கொண்டிருக்கிறது. சரிவு குறைவான மணற்கரையில் அவ்வளவு உயர்வுக்குக் கரை பத்து, இருபது மீட்டர் பின்வாங்கலாம். வடசென்னையில் போனதோ சில நூறு மீட்டர். மிச்சக் கணக்கு மணல் தடைபட்டதற்கு. சுனாமியும் புயல்களும் ஒரு நாளில் வந்து அடித்துப் போனவை, ஏற்கெனவே மெலிந்த கரையில் அவற்றின் அடி பலமாக விழுந்தது. இனி வரும் காலத்தில் கடல்மட்டத்தின் பங்கு பெருகும். அகலமான மணற்கரை இருக்கும் ஊர் அதைத் தாங்கும், கல்லோடு நிற்கும் ஊருக்குத் தாங்கிக்கொள்ள இடமே இருக்காது.

மணலைத் திருப்பித் தருவது

நோய் வரவு நின்றது என்றால் மருந்து வரவைத் திரும்பக் கொடுப்பதுதான். தடைக்குத் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாகவோ தூர்வாரும் கப்பல் மூலமாகவோ எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடலாம். இதற்கு மணல் கடத்தி விடுதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் பம்பு வைத்து இதைச் செய்துவருகிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டுகிறார்கள். வேலை ஒரு தடவையோடு முடியாது. அலை ஓயாதவரை வருடாவருடம் செய்ய வேண்டும், அதற்கான செலவைத் துறைமுகத்தின் இயக்கச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 1989 வாக்கில் கட்டிய துறைமுகம் அங்கேயும் மணலை மறித்து, நகரத்தின் கடற்கரையை முழுதாகக் கல்லாக்கியது. 2018இல் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கே தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அது அலையின் பலத்தைக் கரைக்கு வருவதற்கு முன்பே குறைக்கிறது, அலை தணிந்த இடத்தில் மணல் தங்குகிறது. பல வருடமாகக் கல்லை மட்டுமே பார்த்த மக்கள் அங்கே மறுபடி மணலில் கால் வைத்தார்கள். ஆனால் திட்டுக்கும் மணல் ஓட்டத்திலிருந்துதான் மணல் கிடைக்க வேண்டும். ஓட்டம் வறண்டிருக்கும் இடத்தில் வெளியிலிருந்து மணலும் சேர்த்துப் போட வேண்டும். புதுச்சேரியில் செய்ததை அப்படியே திருவொற்றியூரில் இறக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால், மணல் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள்.

அவசரம் இப்போது காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருக்கிறது. அங்கே ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவில் இருப்பது தாழ்வான ஒரு மணல் பட்டை, அதன் மேல்தான் குப்பங்கள். அதே பட்டைதான் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பக்கத்துக் கழிகளைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. துறைமுகச் சுவருக்கு வடக்கே அந்தப் பட்டை ஏற்கெனவே அரிபட்டு வருகிறது. ராயபுரத்தில் கரை பின்வாங்கினால் பின்னால் ஒரு நகரம் இருந்தது, இடம் விட்டுக்கொடுத்தது. அங்கே பின்னால் இருப்பது தண்ணீர். அந்தப் பக்கம் எந்தக் கட்டுமானத்துக்கு அனுமதி கேட்டு வந்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியவை இவைதான்: வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை மணல் கணக்கு பார்த்திருக்கிறீர்கள், வருடத்துக்கு எவ்வளவு மணலை எடுத்து வடக்கே போடப் போகிறீர்கள், அந்தச் செலவை யார் தருவது, எத்தனை வருடத்துக்கு?